மூடகத்துக்குத் திரும்பும் ஆவியாகும் தனிமங்கள்: ஓரிடத்தான் ஆய்வின் வரலாறு

நீர், கார்பன், கந்தகம், மந்த வாயுக்கள் ஆகியவை புவியின் மூடகத்திலிருந்து எரிமலைகள் வழியே வெளியேறுகின்றன. கடலடித் தட்டுகள் அகழிகளில் கீழே அமிழும்போது இவற்றில் ஒரு பங்கு மீண்டும் உள்ளே போகிறது. எவ்வளவு ஆழத்துக்கு, எந்தக் காலத்திலிருந்து என்பதை ஓரிடத்தான் விகிதங்களைக் கொண்டே கண்டறிய முடிந்தது.

முதல் தெளிவான தடயம் பெரிலியம்-10. காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் உருவாகும் இது மழையோடு இறங்கிக் கடலடி வண்டலில் சேர்கிறது. அரை ஆயுள் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளே என்பதால், பழைய மூடகப் பாறையில் அது மிஞ்சியிருக்க வழியில்லை. ஆனால் 1982-இல் தீவு வளைவு எரிமலைகளின் பசால்ட்டில் அது அளக்கப்பட்டது. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அமிழ்ந்த வண்டல்தான் எரிமலைக் குழம்பில் கலந்து மேலே வந்திருந்தது.

அப்படியானால் வாயுக்கள் எரிமலை வளைவோடு திரும்பிவிடுகின்றனவா, அதற்கும் கீழே போகின்றனவா? 1988-இல் ஸ்டாடாகர், அலெக்ரே இருவரும் மந்த வாயுக்கள் ஏறக்குறைய முழுவதும் அங்கேயே வெளியேறிவிடுகின்றன என்று வாதிட்டனர். 'அமிழ்வுத் தடுப்பு' எனப்பட்ட இக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது.

அதை அசைத்தது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹார்டிங் மாவட்டத்தின் கரியமில வாயுக் கிணறுகள். மூடகத்திலிருந்து வந்த அங்குள்ள வாயுவில் காற்றில் உள்ளதைவிட செனான்-129 மிகுதி என்பது 1960-களிலேயே தெரிந்திருந்தது. அந்த மிகுதி அயோடின்-129 சிதைந்து பிறந்தது. அயோடின்-129-இன் அரை ஆயுள் சுமார் 1.6 கோடி ஆண்டுகளே. எனவே மூடகமும் வளிமண்டலமும் புவியின் தொடக்க நாட்களிலேயே பிரிந்திருக்க வேண்டும். கடலடிப் பசால்ட்டில் ஒரு சிக்கல் உண்டு: பாறை உறைந்த பிறகு ஒட்டிய காற்றையும், மூடகத்துக்குப் போய்த் திரும்பிய காற்றையும் பிரித்தறிவது கடினம். கிணற்று வாயு பேரளவில் கிடைப்பதால் இந்தத் தொல்லை அதில் குறைவு. 2006-இல் ஹாலந்தும் பாலன்டைனும் அதே மாவட்டத்தின் பிராவோ டோம் வயலை ஆராய்ந்தனர். கதிரியக்கத்தால் பிறக்காத ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகியவற்றின் கலவை கடல்நீரில் கரைந்த வாயுக்களை ஒத்திருந்தது; அதாவது அவை எரிமலை வளைவைத் தாண்டி மூடகத்துக்குள் போயிருந்தன. இத்துறையின் திருப்புமுனை என்று இந்த ஆய்வைத் தயங்காமல் சொல்லலாம். 2010-இல் ஜப்பானின் சான்பகாவா மண்டலத்து மூடகப் பாறையிலும் கடல்நீர்ச் சாயல் கொண்ட மந்த வாயுக்களும் ஹாலஜன்களும் காணப்பட்டன.

காலக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோல் தோன்றின. 2013-இல் குக் தீவுகளைச் சேர்ந்த மங்காயாவின் எரிமலைப் பாறையில், நிறைசாராப் பிரிகை (ஓரிடத்தான்கள் தம் நிறை வேறுபாட்டைச் சாராமல் பிரிதல்) காட்டும் கந்தகம் கிடைத்தது. ஆக்சிஜன் அற்ற பழைய வளிமண்டலத்தில் மட்டுமே அத்தகைய கந்தகம் உருவாகும். ஆகவே 245 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மேற்பரப்புப் பொருள் உள்ளே போயிருக்கிறது. ஆனால் 2018-இல் பராய், முகோபாத்யாய் இருவரின் செனான் ஆய்வு, 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை வளிமண்டலச் செனான் மூடகத்தில் குறிப்பிடத்தக்க அளவில் சேரவில்லை என்றது. பழைய வளிமண்டலச் செனானின் ஓரிடத்தான் விகிதம் இன்றையதிலிருந்து வேறுபட்டது என்பதை ஆஸ்திரேலியாவின் பில்பராவில் கிடைத்த 350 கோடி ஆண்டுப் படிகக்கல் காட்டியிருந்தது. அந்தப் பழைய செனான் பெருமளவில் இறங்கியிருந்தால், அதன் முத்திரை இன்றைய மூடகத்தில் தெரிந்திருக்கும்.

இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். கந்தகம் கனிமத்தில் பூட்டப்பட்டு இறங்கக்கூடியது. செனான் நீரேறிய கனிமங்களை நம்பி இறங்குவது. மூடகம் இன்றைவிடச் சூடாக இருந்த காலத்தில் தட்டுகள் அமிழ்ந்தாலும், நீரும் அதோடு வாயுக்களும் குறைந்த ஆழத்திலேயே கழன்றிருக்கும். மூடகம் மெல்லக் குளிர்ந்த பின்னரே அவை ஆழத்துக்குச் சென்றிருக்க வேண்டும். இன்று மேல் மூடகத்தில் உள்ள, கதிரியக்கத்தால் பிறக்காத செனானில் பெரும்பகுதி அப்படி மேலிருந்து போனதுதான்.