தோமாவின் விரலும் ஒரு பகா எண்ணும்

சாந்தோமில் குடியிருக்கிறவன் நான். சந்தேகப்பட்ட ஒருவரின் பெயரால் வழங்கும் இடம் இது. காயத்தில் விரலை இட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்ற தோமாவின் கல்லறைமேல் இங்குள்ள பேராலயம் நிற்பதாக ஐதீகம். இதே கடற்கரையில் சற்று வடக்கே, திருவல்லிக்கேணியில் வாழ்ந்த ராமானுஜனைப் பற்றி நம்மவர்கள் எழுதுவதில் மட்டும் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள், அவர் எழுதினார், அவ்வளவுதான். தாயார்மீது அவருக்கிருந்த பக்தி அவருடையது. அதை மறுக்க நான் யார்? ஆனால் இந்தக் கதையில் கணக்கு எங்கேயும் வருவதில்லை. அப்படி விடுபட்டுப்போன ஓர் எண்ணைப் பற்றியே இங்கே சொல்ல நினைக்கிறேன்.

1916இல் வெளியான கட்டுரை ஒன்றில் ராமானுஜன் ஒரு எண்வரிசையை ஆராய்ந்தார். 1−க, 1−க², 1−க³ என்று முடிவின்றிப் போகும் காரணிகளைப் பெருக்கி, அதை 24ஆம் அடுக்குக்கு உயர்த்தி, இன்னொரு க-வாலும் பெருக்கி விரித்தால் வரும் கெழுக்கள் அவை: 1, −24, 252, −1472, 4830, −6048... இந்த வரிசைக்கு டௌ என்று பெயர். 2ஆம் உறுப்பை 3ஆம் உறுப்பால் பெருக்கினால் 6ஆம் உறுப்பு. பொதுக்காரணி இல்லாத எந்த இரண்டு இடங்களுக்கும் இது பொருந்தும் என்றார், நிரூபணம் தரவில்லை. மறுவருஷம் மோர்டெல் தந்தார்.

முதல் 30 உறுப்புகளை ராமானுஜன் அட்டவணையிட்டிருந்தார். அவற்றில் ஒன்றுகூடப் பகா எண் இல்லை. முதல் பகா எண் எங்கே வருகிறது என்பதை 1965இல் டி. எச். லேமர் எழுதினார்: 63001ஆம் இடத்தில், அதாவது 251இன் வர்க்கத்தில். எதிர்க்குறியை நீக்கிப் பார்த்தால் அது

80561663527802406257321747.

26 இலக்கங்கள். 2024இல் கண்டுபிடித்த ஒரு பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதற்குமுன் இது தூசு. ஆனால் இது ஒரு வரியில் அடங்குகிறது, கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது. 1920இல் இறந்த ராமானுஜன் இதைப் பார்த்ததில்லை.

தொட்டுப் பார்க்கும் வழியையும் அவரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். டௌவின் ஒரு உறுப்பை 691ஆல் வகுத்தால் வரும் மீதியும், அந்த இடத்தைக் குறிக்கும் எண்ணின் வகுஎண்களை 11ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டி 691ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. 63001க்கு வகுஎண்கள் மூன்றுதான்: 1, 251, 63001. தாளில் போட்டுப் பார்த்தேன். மீதி 206. பிறகு அந்த 26 இலக்க எண்ணை எதிர்க்குறியோடு வகுத்தேன். அதற்கும் 206.

இதனால் அது பகா எண் என்று ருசுவாகிவிடாது. அது லேமர் செய்த வேலை. ஆனால் 1916இன் ஒரு விதி, அதை எழுதியவர் அறியாத ஓர் எண்ணில், அரைமணி நேரக் கணக்கில், என் கண்முன் பலித்தது. எந்த அற்புதக் கதையும் எனக்கு ராமானுஜனை இவ்வளவு அருகில் கொண்டுவந்ததில்லை.

டௌவின் உறுப்புகளில் ஏதாவது ஒன்று பூஜ்யமாகுமா என்று 1947இல் லேமர் கேட்டார். இன்றுவரை விடையில்லை. கனவுக் கதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி தேவைப்படுவதில்லை.