மேற்பார்வை உடற்பயிற்சியும் பயணத் தொலைவும்

மாரடைப்பு வந்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், கால் தமனி அடைப்பால் நடக்கச் சிரமப்படுபவர்கள் ஆகியோருக்குப் பிசியோதெரபிஸ்ட் உடனிருந்து செய்விக்கும் பயிற்சி மேற்பார்வை உடற்பயிற்சி எனப்படும். நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து டிரெட்மில்லின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம், மொத்தம் 36 அமர்வுகள் என்பது பரவலான ஏற்பாடு. விடாமல் வந்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். பலர் பாதியில் நின்றுவிடுவதற்கு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சுட்டும் காரணங்களுள் ஒன்று, வீட்டுக்கும் மையத்துக்கும் இடையிலான தொலைவு.

அந்தத் தொலைவைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்க முடியாது என்பதற்கு மும்பைப் பெருநகரம் நல்ல சான்று. தாராவியில் இருப்பவருக்கு சயான் மருத்துவமனை நடந்துபோகும் தூரம்தான். அதே குடும்பம் சொந்த வீடு வாங்கி நவி மும்பையின் ஐரோலிக்குக் குடிபோனால் கணக்கு மாறிவிடுகிறது. ஐரோலி, 2004இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய தானே–வாஷி டிரான்ஸ்ஹார்பர் பாதையில் உள்ளது. பழகிய மருத்துவரை விட மனமில்லாதவர் ரயிலில் சயான் போக, தானேயில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறி, சென்ட்ரல் லைன் வண்டி பிடிக்க வேண்டும். 36 அமர்வுகளுக்குப் போகவர 72 பயணம்; ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றம் என்றால் 144 முறை ரயிலேற வேண்டும். பைபாஸுக்குப் பின் நெஞ்செலும்பு கூடவே இரண்டு மூன்று மாதம் ஆகும் நிலையில், காலை நேர லோக்கலின் நெரிசல் வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து. கூட்டம் குறைந்த முற்பகலில் வரச் சொன்னால் வேலைக்குத் திரும்பியவரால் முடியாது; துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ அரைநாள் சம்பளம் போகும். இப்படி நின்றுபோனவரை அக்கறையற்றவர் என்று சொல்வது அநியாயம்.

தொலைவு ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து நடந்து 2009இல் வெளியான எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில், மையப் பயிற்சியைத் தொடர்ந்து, பயிற்சிக் கருவியை வீட்டுக்கே கொடுத்தார்கள். அப்படியும் பலர் குறித்த அளவுக்குப் பயிற்சி செய்யவில்லை. உடனிருந்து ஊக்குவிக்க ஆள் இல்லாததும் தடைதான்.

வீட்டில் செய்யும் இதய மறுவாழ்வுப் பயிற்சியும் மையத்தில் செய்வதும் ஏறக்குறைய ஒத்த பலன் தருவதாக காக்ரேன் மதிப்பாய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவின் 24 மையங்களில் 3,959 பேரிடம் நடந்து 2020இல் வெளியான யோகா-கேர் ஆய்வு, மூன்று மாதத்துக்கு 13 அமர்வுகளே வைத்து, மீதியை வீட்டுப் பயிற்சிக்கு விட்டது. இறப்பும் மறு மாரடைப்பும் உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆயினும் உடல்நலம் குறித்த நோயாளிகளின் சொந்த மதிப்பீடு உயர்ந்தது, பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் மேம்பட்டது.

ஆகவே ஐரோலி போன்ற இடங்களுக்குக் கலப்பு முறையே பொருத்தம்: முதல் சில வாரங்கள் மையத்தில், பிறகு செக்டர் பூங்காவில் நடைப்பயிற்சி, வாரமொரு முறை பிசியோதெரபிஸ்டின் தொலைபேசி விசாரிப்பு. இதயத் துடிப்புக் கோளாறு, கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நேரடி மேற்பார்வை நீண்டகாலம் தேவைப்படலாம். அவர்களைச் சேர்க்கும்போதே எந்த வண்டியில், யாருடன், எத்தனை மாற்றத்தில் வருவார்கள் என்று கேட்டு, வீட்டருகே உள்ள மையத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.