அகத்தியமலைக்கு ஏறிய பாதரசம்

கிழக்கேகோட்டையில் பத்மதீர்த்தக் குளத்தருகே நிற்போர் ஒருமுறையேனும் அண்ணாந்து பார்ப்பது மேத்தன் மணியை. மணி அடிக்கும்போது தாடிக்காரன் வாயைத் திறப்பான். இருபுறத்திலிருந்தும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் அவன் கன்னத்தில் வந்து முட்டும். சுவாதித் திருநாள் காலத்தில் ஜான் கால்டிகாட்டின் யோசனைப்படி வஞ்சியூர்க் குளத்தூக்காரன் செய்த பொறி இது என்பது ஊர் வழக்கு. கால்டிகாட் ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். 1837இல் மன்னர் நிறுவிய வானாய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். கோட்டைக்குள் இருக்கும் இந்தக் கடிகாரத்துக்கு மழையில்லை, அட்டையில்லை, யானையில்லை. கூரையின் கீழ் நின்று காலத்தைக் காட்டுவது ஒரு கருவிக்குப் பெரிய சோதனையன்று. அதே ஆய்வுக்கூடத்தின் கருவிகள் சில, பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 6,200 அடி உயரத்தில் காட்டுக்குள் வேலைசெய்ய வேண்டியிருந்தது. சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

கடினமான பயணத்துக்கு எந்தப் பொருளை நம்பி எடுத்துச் செல்வது என்ற கேள்வியை இன்று மலையேறுவோர் கூடாரம், காலணி, முதுகுப்பை ஆகியவற்றை வைத்துக் கேட்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தென்னிந்தியாவில் இதே கேள்வியைக் கேட்டவர்கள் நில அளவையாளரும் வானிலை ஆய்வாளரும். அவர்களுடைய சுமை பெரிது. விடை தவறினால் இழப்பும் பெரிது.

வில்லியம் லாம்ப்டனின் கதை பலரும் அறிந்ததுதான் என்றாலும் இங்கே அதை விட்டுவிட முடியாது. லண்டனில் கேரி செய்த அவருடைய பெரிய தியோடலைட் ஏறக்குறைய அரை டன் எடை. அதை ஏற்றிவந்த கப்பல் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, கருவி மொரீசியஸ் போய், அங்கிருந்த ஆளுநரின் மரியாதையோடு சென்னைக்கு வந்துசேர்ந்தது. கடலையும் பகைவரையும் தாங்கிய கருவி 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அடிபட்டது. கோபுரத்தின் மேலே ஏற்றுகையில் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. தியோடலைட் சுவரில் மோதி, கோண அளவுகள் பொறித்த வட்டம் நெளிந்தது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, ஆறு வாரங்களில் அதை மீண்டும் வட்டமாக்கினார். வரலாற்று நூல்கள் இந்த ஆறு வார உழைப்பை வியக்கின்றன. வியப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது வேறொன்று. உடைந்தது ஐரோப்பிய நுண்கருவியின் எந்த உறுப்புமன்று, கயிறு. பட்டியலில் ஆக மலிவான பொருள் எதுவோ அதன் வலிமைதான் மொத்த அளவையின் வலிமையாக இருந்தது.

லாம்ப்டனுக்குச் சோதனை என்பது புதிதன்று. 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளக்க அவர் பயன்படுத்திய 100 அடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு ஏற்கப்படாமல் திரும்பிய பொருள்களுள் ஒன்று. அதை மரப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, வெயிலில் எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிட்டு, ஒப்பிடுவதற்கென்றே தனியாக வைத்திருந்த வேறொரு சங்கிலியோடு சரிபார்த்தனர். ‘இது நல்ல சங்கிலியா?’ என்பதன்று அங்கே கேட்கப்பட்ட கேள்வி. ‘இந்த வெயிலில் இது எவ்வளவு பொய் சொல்கிறது?’ என்பதே கேள்வி. பொய்யின் அளவு தெரிந்துவிட்டால் கருவியை நம்பலாம்.

இந்த மனப்பாங்கோடுதான் ஜான் ஆலன் பிரௌனைப் படிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டவுன் காந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். கால்டிகாட் 1849இல் இறந்தபின், 1852இல் திருவனந்தபுரம் வந்து பொறுப்பேற்றார். பூமியின் காந்த நடுக்கோடு இந்நகரத்துக்கு அருகே செல்கிறது. (1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் காரணம் இதே கோடுதான்.) காந்த ஊசியின் நாளாந்த அசைவு கடல் மட்டத்துக்கருகிலும் மலையுச்சியிலும் ஒன்றேபோல் இருக்கிறதா என்று அறிய பிரௌன் விரும்பினார். அதற்கு அவர் தேர்ந்த இடம் அகத்தியமலை. 1855இல் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது.

இரு பருவமழையும் அடிக்கும் மலை அது. பாதையற்ற சோலைக்காடு, யானைத்தடம், உச்சியை நெருங்கினால் வழுக்குப்பாறை. இங்கே எதை எடுத்துச் செல்வது?

காற்றழுத்தமானியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ முப்பது அங்குலப் பாதரசம் நின்ற கண்ணாடிக் குழாய் அது. நிமிர்த்திப் பிடித்து நடந்தால் பாதரசம் மேலும் கீழும் அலைந்து குழாயின் தலையை உடைத்துவிடும். ஆகவே குழாய் நிறையப் பாதரசத்தை ஏற்றிப் பின் தலைகீழாகத் திருப்பிச் சுமக்க வேண்டும். சுமப்பவர் அதைப் பழக்கத்தின்பேரில் நேராக நிமிர்த்திவிட்டால் கதை முடிந்தது. உடையாமல் வந்துசேர்ந்தாலும் உள்ளே காற்றுக்குமிழ் புகுந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் முறை எளியது: குழாயை மெல்லச் சாய்த்துக் காதால் கேட்பது. பாதரசம் கண்ணாடி முனையைத் தொடும்போது உலோகத்தில் உலோகம் பட்டதுபோல் ‘ணங்’ என்ற தெளிந்த ஒலி வந்தால் மேலே வெற்றிடம் தூயது. ஒலி மழுங்கினால் காற்று இருக்கிறது. அக்காலக் கருவிச் சோதனைகளில் இதைவிட அழகான ஒன்று உண்டா என்பது ஐயமே. ஆறாயிரம் அடிக்கு மேல் பாதரசம் ஏறத்தாழ இருபத்துநான்கு அங்குலத்துக்கு இறங்கிவிடும். நீர் 94 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். கொதிநிலையைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் வெப்பமானி உடையாத மாற்று, நுட்பம் குறைவு. அதே காரணத்தால் மேலே சோறு வேகவும் தாமதமாகும் என்பதை உடன் சென்ற சமையற்காரர் எந்த வெப்பமானியுமின்றி அறிந்திருப்பார்.

காந்த ஊசியோ முற்றிலும் வேறு விதமான விருந்தாளி. அதன் அருகே இரும்பு ஆகாது. கூடார முளை, கோடரி, அரிவாள், விளக்கு, இடைவாரின் கொளுவி ஒவ்வொன்றும் ஊசிக்குப் பகை. மற்றப் பயணிகள் உறுதிக்காக இரும்பைத் தேடும் இடத்தில், காந்த ஆய்வாளர் செம்பையும் மரத்தையும் தேட வேண்டும். வலிமையான பொருளே நல்ல பொருள் என்ற பொதுவிதி இங்கே தலைகீழாகிறது.

மழைக்காப்பிலும் இதேதான். ரப்பரை நாப்தாவில் கரைத்துத் துணியில் பூசும் முறைக்கு மக்கின்டோஷ் 1823இல் காப்புரிமை பெற்றார். அந்தத் துணி குளிரில் விறைக்கும். வெயிலில் பிசுபிசுத்து ஒட்டும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும் முறைக்கு 1843இல் ஹான்காக் காப்புரிமை கோரிய பிறகே அக்குறை நீங்கத் தொடங்கியது. ஸ்காட்லாந்து மழையில் தேறிய மேலங்கி திருவிதாங்கூர் வெயிலில் தேறுவதில்லை. அகத்தியமலையில் ஆய்வுக்கூடம் எழுந்த அதே 1855இல்தான் பிரான்சிஸ் கால்டனின் ‘பயணக் கலை’ என்ற கையேடு லண்டனில் வெளிவந்தது. கால்டன் பட்டறிந்தது தென்மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலம். அங்கே சரிபார்த்த அறிவுரை ஈரம் சொட்டும் சோலைக்காட்டுக்கு எவ்வளவு செல்லும்? நம்பகம் என்பது பொருளின் குணம் என்று கொள்வது பிழை. அது பொருளுக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள உறவு.

சொற்களும் இதற்குச் சான்று. முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறையில் வீரர் ஊன்றிய வில்லும் அதில் மாட்டிய தூணியும் கயிறுமே அரணாகின்றன; அக்காட்சிக்கு, முக்கோலில் காவியாடையை இட்டுவைத்த அந்தணன் உவமையாகிறான். அரசனுக்கோ வலிய கயிற்றில் திரை கட்டிய ஈரறைப் பள்ளி. காலத்தை அளக்க நாழிகைக் கணக்கர் உண்டு. பாசறை, பாடி என்ற பழஞ்சொற்களுக்குப் பின் கூடாரமும் டேராவும் வந்தன. மலையாளத்தில் கூடாரத்தோடு தம்பும் வழங்குகிறது. ஆங்கிலத் ‘டார்பாலின்’ தமிழுக்கு வந்து தார்ப்பாய் ஆயிற்று. ஆங்கிலச் சொல்லில் ‘பாய்’ இல்லை. தரையில் விரிப்பதையும் கப்பலில் கட்டுவதையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி, காதில் விழுந்த அயலொலிக்குத் தன் பாயையே விரித்துக்கொண்டது. ராஜா கேசவதாஸ் காலத்தில் எழுந்து இன்றும் தமிழ் வணிகர் மிகுந்த சாலைக் கடைவீதி, கிழக்கேகோட்டையை ஒட்டியே கிடக்கிறது. கயிறும் தார்ப்பாயும், அட்டைக்குப் பூசும் சுண்ணாம்பும் புகையிலையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

பிரௌன் 1865இல் நாடு திரும்பினார். 1874இல் லண்டனில் அச்சான அவருடைய காந்த அளவுத் தொகுதியின் தலைப்பு திருவனந்தபுரத்தையும் அகத்தியமலையையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆய்வுக்கூடங்களுக்கு உரியவராக மகாராஜாவையும் குறிப்பிடுகிறது. 1852 முதல் 1869 வரையிலான அளவுகள். அத்தனையும் ஏதோ ஒரு தோளில் ஏறித்தான் உச்சிக்குப் போயிருக்கின்றன. தலைப்பில் தோள்களுக்கு இடமில்லை.

இம்மலையின் குடிகள் காணிக்காரர். அவர்களுடைய பயணப் பொருள் எந்தக் கருவிப்பட்டியலிலும் ஏறாத ஒன்று என்பது 1987இல்தான் ஆய்வுலகுக்குத் தெரிந்தது. புஷ்பாங்கதன் தலைமையில் இக்காட்டுக்குள் சென்ற இனத்தாவரவியல் குழுவினர் நடந்து களைத்துப் போயினர். வழிகாட்டிகளான காணிகளோ ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி சோர்வின்றி நடந்தனர். கேட்டதற்கு முதலில் சொல்லத் தயங்கினர். அது குடியின் மறை. பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கிக் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் தந்தது: 10 லட்சம் ரூபாய்க் கட்டணம், விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்கு. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. பெற்றுக்கொள்ள ஓர் அமைப்பு வேண்டுமே என்று 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. ஒப்பந்தம் எழுதப்பட்டபோது அதில் கையெழுத்திட அப்படியோர் அமைப்பு இருக்கவில்லை.