டானியல் பூரும் வட்டுக்கோட்டைச் செமினரியும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் முதன்முறையாக நடத்திய பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர். ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். இச்செய்தியைத் தமிழ் படித்தவர் யாவரும் அறிவர். ஆனால் அந்தச் செமினரி அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே மூடப்பட்டுவிட்டது என்பதையும், மூடியவர்கள் அதனை நிறுவிய மிஷனைச் சேர்ந்தவர்களே என்பதையும் நம்மிற் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அதன் முதல் தலைவராக இருந்த டானியல் பூரின் பெயரும் தமிழிலக்கிய வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது.

பூர் 1789இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியிலும் ஆண்டோவர் இறையியற் கல்லூரியிலும் பயின்றபின், 1815இல் வேறு சில மிஷனரிகளோடு கப்பலேறி, அடுத்த ஆண்டு கொழும்பில் வந்திறங்கினார். யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்த இடம் தெல்லிப்பழை. போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயத்தின் இடிபாடுகளுக்கிடையே தங்கித் தமிழ் கற்றுக்கொண்டு, 1816இலேயே ஒரு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதன் வழிவந்ததே இன்றைய யூனியன் கல்லூரி. 1821இல் அவருடைய மனைவி சூசன் அம்மண்ணிலேயே இறந்தார். பூர் ஊர் திரும்பவில்லை.

1823இல் மிஷனரிகள் ஒரு கல்லூரித் திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டனர். தமிழும் ஆங்கிலமும் வடமொழியும், கணிதம், வானவியல், தருக்கம் ஆகியவையும் ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றப்பட வேண்டுமென்பது அதன் சாரம். ஆங்கில ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்கர்கள் கல்லூரி நடத்துவதை விரும்பவில்லை. ஆகவே கல்லூரி என்ற பெயரை விடுத்து, அதே ஆண்டு வட்டுக்கோட்டையில் ஒரு மத்திய பள்ளியாகத் தொடங்கினர். செமினரி என்ற பெயர் பின்னர் வந்தது. 1823 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாண்டுகள் பூர் அதன் தலைவராயிருந்தார்.

அக்காலத்துப் பூரை அறிய 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திர கிரகணம் ஒன்றே போதும். வட்டுக்கோட்டையில் விசுவநாத சாஸ்திரியார் என்றொரு பஞ்சாங்க கணிதர் இருந்தார். ஊர் முழுதும் அவர் கணக்கையே நம்பியது. கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறைக்கும் அளவு ஆகியவற்றில் பஞ்சாங்கக் கணக்கும் தம் கணக்கும் வேறுபடுவதைப் பூர் கண்டார். அதை மாணவர்க்கும் ஊராருக்கும் முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு ஊர் கூடி வானத்தைப் பார்த்தது. பூரின் கணக்கே பலித்தது. மிஷனரிகள் இதனைப் புராண நம்பிக்கையின்மீது பெற்ற வெற்றியாக எழுதிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாஸ்திரியார் பிழைவிட்டது நேரத்திலும் மறைக்கும் அளவிலும் மட்டுமே. கிரகணம் வருமென்று அவரும் சரியாகவே சொல்லியிருந்தார். இரண்டு கணிதமுறைகளை ஒரே இரவில் பொதுமக்கள் முன்னிலையில் சோதித்துப் பார்த்ததே அந்நிகழ்ச்சியின் பெருமை. ஆசிரியர் ஒருவர் வேறெதனைச் செய்ய வேண்டும்?

செமினரியின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மாணவர் பெரும்பாலும் வேளாளர் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்தம் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கப் புரவலர்களின் பெயர்களும், அங்குள்ளோர் மதித்த பெரியவர்களின் பெயர்களும் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கரோல், ஆர்னோல்ட், நெவின்ஸ், எவார்ட்ஸ், ஹென்றி மார்ட்டின் என யாழ்ப்பாணத் தமிழறிஞர் பெயர்களின் முன்னே நிற்கும் அந்நியச் சொற்களின் வரலாறு இதுதான். பணம் கொடுத்தவன் பெயர் வைத்தான் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும். ஆனால் பெயரைச் சுமந்தவர்கள் அதோடு முடிந்துவிடவில்லை. ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் 1841இல் உதயதாரகை இதழைத் தொடங்கினர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை நியாய இலக்கணம் எழுதினார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகம் தந்தார். நன்னூலும் திருக்குறளும் நியூட்டனின் இயற்பியலும் ஒரே வாரத்தில் பாடமான இடத்திலிருந்து வந்தவர்கள் இவர்கள்.

1836இல் பூர் மதுரைக்குச் சென்றார். ஐந்தாண்டுகளில் அங்கே 37 பள்ளிகளை நிறுவியதாகவும், குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று அவற்றைப் பார்வையிட்டதாகவும், சில வேளைகளில் இறங்காமலேயே மக்களிடம் பேசியதாகவும் அவர் வரலாறு கூறுகிறது. 1841இல் யாழ்ப்பாணம் திரும்பினார். செமினரியின் தலைமை அதற்குள் ஹொய்சிங்டனிடம் சென்றிருந்தது. சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டவர் இந்த ஹொய்சிங்டனே. கிறித்தவ ஊழியர்களை ஆக்க வந்த பள்ளியின் தலைவர் சைவ சித்தாந்தத்தில் ஆழ்ந்தது எவர் திட்டத்திலும் இருந்திருக்க முடியாது.

பாஸ்டனில் இருந்த தலைமையகத்திற்கு இவை பெரிதாகத் தோன்றவில்லை. செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சனின் கேள்வி எளியது: இத்தனை ஆண்டுகளில் எத்தனை போதகர்கள்? ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்திற்கே செல்கிறார்கள். திருச்சபை வளரத் தாய்மொழிக் கல்வி போதும் என்பது அவர் முடிவு. இதில் உண்மையில்லை என்று சொல்ல இயலாது. சுவிசேஷத்திற்கென்று ஏழை எளியவர்கள் அளித்த காசு குமாஸ்தாக்களை உருவாக்கியது என்றால் கொடுத்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆண்டறிக்கை எழுதிப் பழகிய நம் கல்லூரிக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு புதிதன்று. ஆனால் தாய்மொழியின் பெயரால் மூடப்பட்ட இடம்தான் தமிழுக்கு அத்தனை அறிஞர்களைத் தந்தது என்பது ஆண்டர்சனின் கணக்கில் ஏறவில்லை. தாமோதரம்பிள்ளை சைவத்தையே தழுவி நின்றார். வீரசோழியம் 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இலும், கலித்தொகை 1887இலும் அவரால் அச்சேறின. மிஷன் பதிவேட்டில் இவற்றை எந்தப் பத்தியில் எழுதுவது?

பூர் 1848இல் ஒருமுறை தாயகம் சென்றார். அறுபது வயதை எட்டியும் அங்கேயே தங்கிவிடாமல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1855 பிப்ரவரி 3 அன்று மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். செமினரி அதே ஆண்டில் மூடப்பட்டது. பழைய மாணவர்களும் ஊர்க் கிறித்தவர்களும் தாமே பணம் திரட்டி விடாது வேண்டியதன் பயனாக, 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது.