துறந்தவர் மனைவியின் சொத்து: புதுச்சேரியில் மணமுறிவும் குடும்ப உடைமையும்

மணமுறிவின்போது குடும்பச் சொத்தை எவ்வாறு பிரிப்பது என்னும் விவாதத்தில் கோவா அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது. 1867 ஆம் ஆண்டின் போர்த்துகீசியச் சட்டக்கோவை வழியாக, கணவன் மனைவி இருவருக்கும் சொத்தில் சரிபாதி என்னும் நெறி அங்கு இன்றும் நிலைத்துள்ளது. புதுச்சேரி இவ்விவாதத்தில் இடம்பெறுவது அரிது. இங்கும் ஓர் ஐரோப்பியச் சட்டக்கோவை விடுதலைக்குப் பின்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் அது ஊரார் அனைவருக்கும் உரியதன்று. தம் ஆள்சார் சட்டத்தைத் துறந்த 'ரெனோன்சான்'களுக்கும் அவர்தம் வழியினருக்கும் மட்டுமே உரியது.

ரெனோன்சான்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வாக்குரிமையையும் சாதி அரசியலையும் சுற்றியே அமைந்துள்ளன. துறப்பு ஒரு குடும்பத்தின் சொத்துறவை எவ்வாறு மாற்றியது என்பது அவற்றில் ஓரமாகவே நிற்கிறது. பிரெஞ்சுச் சட்டம் மனைவிக்குப் பாதி தந்தது, இந்துச் சட்டம் ஒன்றும் தரவில்லை என்ற எண்ணம் எளிதில் தோன்றக்கூடியது. சட்டப்பிரிவுகளை நகை, வீடு, சம்பளம் எனப் பொருள்வாரியாகப் படிக்கும்போது அவ்வெண்ணம் நிலைக்கவில்லை.

சாவடியிலிருந்து சட்டக்கோவைக்கு

பிரெஞ்சு ஆட்சியின் தொடக்கக் காலத்திலிருந்தே இந்தியரிடையேயான வழக்குகள் சாதி வழக்காற்றின்படியே தீர்க்கப்பட்டன. 'சாவடி' என்னும் நீதிமன்றம் இதற்கென இயங்கியது. 1766 முதல் 1817 வரையிலான அதன் தீர்ப்புகளை ழான் குளோத் பொன்னான் பதிப்பித்துள்ளார். 1819 ஜனவரி 6 ஆம் நாள் ஆணை பிரெஞ்சுச் சட்டக்கோவைகளைப் புதுச்சேரியில் நடைமுறைப்படுத்தியது. அதே ஆணை, கிறித்தவராயினும் முகமதியராயினும் இந்துவாயினும் இந்தியர் தத்தம் சாதியின் சட்டம், மரபு, வழக்காறு ஆகியவற்றின்படியே தீர்ப்பளிக்கப்படுவர் என்றும் உறுதியளித்தது. கிறித்தவருக்கும் சாதி வழக்காறே சட்டம் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. வழக்காறு எது என்று நீதிபதிகளுக்குச் சொல்ல 1827 இல் இந்தியச் சட்டநெறி ஆலோசனைக் குழு நிறுவப்பட்டது. அக்குழுவின் கருத்துரைகளை நீதிபதி லெயோன் சோர்க் 1897 இல் தொகுத்து வெளியிட்டார்.

இவ்வாறு உருவான புதுச்சேரி இந்துச் சட்டம் சென்னை மாகாணத்தில் வழங்கிய மிதாட்சரச் சட்டத்தோடு ஒரு முக்கிய இடத்தில் வேறுபட்டது. இங்கு மகனுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை இல்லை. தந்தை உயிரோடிருக்கும்வரை அவரே முழு உரிமையாளர். மணமுறிவை நோக்கும்போது இவ்வேறுபாட்டின் விளைவு தெளிவாகிறது. மாமனார் வீட்டில் வாழும் மருமகள், கணவனின் பங்கு என்று சுட்டிக்காட்டக்கூட அவ்வீட்டில் ஒன்றும் இல்லை.

மறுபுறம், திருமணத்தின்போது மனைவிக்கு வந்த நகையும் பாத்திரமும் பணமும் சீதனமாக அவளுக்கே உரியவை. பஞ்சம், நோய் போன்ற இடர்க்காலங்களில் கணவன் அவற்றை எடுத்தாளலாம் என்று நூல்கள் விலக்களித்தபோதும், உடைமை மனைவியுடையதே.

ஒரு கையெழுத்து, மூவர் சட்டம்

1873 இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலணியோடு நீதிமன்றத்திற்குச் சென்றதும், அதனையொட்டி எழுந்த வழக்கு பாரிசுவரை சென்றதும் பலரும் அறிந்த செய்திகள். அவர் பின்னர் 'லாபோர்த்' என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். 1881 செப்டம்பர் 21 ஆம் நாள் ஆணை, இந்தியர் தம் ஆள்சார் நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிவகுத்தது. துறந்தோருள் கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. 1884 இல் ஐரோப்பியர், ரெனோன்சான்கள், துறவாதோர் என மூன்று வாக்காளர் பட்டியல்கள் அமைந்தபின் துறப்பு முற்றிலும் அரசியல் வினாவாகியது.

சொத்து வரலாற்றுக்கு அவ்வாணையின் முதற்பிரிவே முதன்மையானது. துறப்பு இறுதியானது, திரும்பப் பெற இயலாதது. துறந்தவரோடு அவர் மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் பிரெஞ்சுக்காரருக்குரிய சட்டத்திற்கு உட்படுவர் என்கிறது அப்பிரிவு. கணவன் இட்ட ஒரே கையெழுத்தால் மனைவியின் சட்டமும் மாறியது. அதற்கு அவளுடைய இசைவு தேவைப்படவில்லை. சாதி வழக்காற்றின்படி மணந்து, சீதனத்தோடு வந்து, பத்தாண்டு வாழ்ந்தபின் கணவன் துறந்தால் அவள் சீதனம் எச்சட்டத்தின்படி அவளுடையது? சட்டக்கோவையின் 1399 ஆம் பிரிவு, சொத்துப் பொதுமை அரசு அலுவலர் முன் மணம் நிகழ்ந்த நாளிலிருந்து தொடங்கும் என்கிறது. சடங்கு முறையில் முன்பே மணந்தவர்க்கு அந்நாள் எது என்பது வழக்காடத் தக்க வினாவாகவே நின்றது.

துறப்பு ஆணை வெளியான ஆண்டில் பிரெஞ்சுச் சட்டத்திலேயே மணமுறிவு இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1816 இல் நீக்கப்பட்ட மணமுறிவு 1884 ஜூலை 27 ஆம் நாள் சட்டத்தால்தான் மீண்டும் வந்தது. எனவே முதல் அலையில் துறந்தோர், மணமுறிவே இல்லாத ஒரு சட்டத்திற்குள் நுழைந்தனர். முறித்துக்கொள்ளும் வழக்கம் உடைய சாதியினருக்கு இது இழப்பே.

பொதுமைக்குள் சென்ற நகை

திருமண ஒப்பந்தம் இன்றி மணந்தவர்க்குச் சட்டக்கோவை வகுத்த முறை 'சொத்துப் பொதுமை'. இதன் உள்ளடக்கத்தை 1401 ஆம் பிரிவு கூறுகிறது. மணநாளில் இருவரிடமும் உள்ள அசையும் சொத்து அனைத்தும் பொதுமைக்குள் செல்லும். மணவாழ்வில் மரபுரிமையாகவோ கொடையாகவோ வரும் அசையும் சொத்தும், கொடுத்தவர் வேறாகக் கூறாதவரை, அதனுள் செல்லும். மணவாழ்வில் வாங்கிய நிலமும் வீடும் அதனுள் செல்லும். மணத்திற்கு முன்பே இருந்த அசையாச் சொத்தும் மரபுரிமையாக வந்த அசையாச் சொத்தும் 1404 ஆம் பிரிவின்படி அவரவர் தனிச்சொத்தாக நிற்கும்.

இதனைப் புதுச்சேரிக் குடும்பம் ஒன்றின் உடைமைகளோடு பொருத்திப் பார்க்கலாம். இந்தோசீனத்தில் பணியாற்றிய சிப்பாய் ஒருவர், ஊர் வழக்கில் 'சொல்தா', சைகோனிலிருந்து அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு வாங்குகிறார். பத்திரம் அவர் பெயரில் இருப்பினும் அவ்வீடு பொதுமையைச் சேர்ந்தது. மணமுறிவில் மனைவிக்குப் பாதி. துறவாத அண்டை வீட்டுக்காரரின் மனைவிக்கு இதே நிலையில் உரிமை இல்லை. அவளுக்குக் கிடைக்கக்கூடியது ஜீவனாம்சம் மட்டுமே. இந்த அளவில் துறப்பு பெண்ணுக்கு ஆக்கமே.

ஆனால் அதே மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தங்கம் அசையும் சொத்து. ஒப்பந்தமோ கொடுத்தவர் கூற்றோ தடுக்காதபோது அதுவும் பொதுமைக்குள் சென்றது. 1421 ஆம் பிரிவு, பொதுமையைத் தனித்து ஆள்பவன் கணவனே என்றது. மனைவியின் இசைவின்றி அவன் விற்கலாம், அடகு வைக்கலாம். இந்துச் சட்டத்தில் இடர்க்காலத்து விலக்காக இருந்த அதிகாரம் இங்குப் பொதுவிதியாயிற்று. மணமுறிவில் எஞ்சியிருப்பது பாதியாகப் பிரியும். கடன் மிகுந்த பொதுமையிலிருந்து விலக மனைவி விரும்பினால் அவள் அதனைத் துறக்கலாம். அவ்வாறு துறப்பவள் தான் கொண்டுவந்த அசையும் சொத்தையும் இழப்பாள், தான் உடுத்தும் துணிமணிகளை மட்டும் எடுத்துச் செல்லலாம் என்றது 1492 ஆம் பிரிவு. கணவன் சாதி வழக்காற்றைத் துறந்ததற்கும் மனைவி பொதுமையைத் துறப்பதற்கும் பிரெஞ்சு மொழியில் ஒரே சொல்தான். முன்னது குடியுரிமை நோக்கிய ஏற்றமாகப் பேசப்பட்டது. பின்னதைப் பற்றி எவரும் விழா எடுத்ததில்லை.

துறந்தோரில் பெரும்பாலோர் வீடும் நிலமும் அற்ற எளியோர் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். அசையாச் சொத்து இல்லாத குடும்பத்தில் மனைவியின் தோடும் தாலிக்கொடியுமே சேமிப்பு. பாதி வீடு என்னும் ஆக்கம் வீடு வாங்க இயன்றவர்க்கே உரியது. நகையின் இழப்பு எளியவரையே முதலில் தொட்டது. இதற்கு மாற்று, மணத்திற்கு முன்பே 'நொத்தேர்' முன்னிலையில் ஒப்பந்தம் எழுதுவது. மணத்திற்குப் பின் அதனை மாற்ற முடியாது. இருக்கும் சொத்தைக் காக்க நினைப்போரே அத்தகைய ஆவணத்திற்குச் செலவழிப்பர்.

பூர்வீக வீட்டின் நிலை இரு சட்டங்களிலும் ஒன்றே. பிரெஞ்சுச் சட்டத்தில் அது கணவனின் தனிச்சொத்து. புதுச்சேரி இந்துச் சட்டத்தில் மாமனாரின் சொத்து. எவ்வழியிலும் பிரிந்து செல்லும் மனைவிக்கு அதில் இடமில்லை.

1963க்குப் பின்

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. 1956 மே 28 இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி நிறைவுற்றது. நடைமுறையிலிருந்த சட்டங்கள் திருத்தப்படும்வரை தொடரும் என 1962 ஆம் ஆண்டுப் புதுச்சேரி நிருவாகச் சட்டம் வகுத்தது. 1963 ஆம் ஆண்டின் 7 ஆம் ஒழுங்குமுறை அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் இந்துத் திருமணச் சட்டத்தையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையும் புதுச்சேரிக்கு விரித்தது. இரண்டிலும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. ரெனோன்சான் என்பதும் பிரெஞ்சுக் குடிமகன் என்பதும் ஒன்றல்ல; பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்காமல் இந்தியக் குடிமகனாக இருப்பவரும் ரெனோன்சானாக இருக்கலாம்.

இதன் விளைவாகச் சட்டம் 1962 ஆகஸ்டில் உறைந்தது. பிரான்சு 1965 ஜூலை 13 ஆம் நாள் சட்டத்தால் பொதுமையின் அளவைக் குறைத்து, மணத்திற்கு முந்தைய அசையும் சொத்தையும் மரபுரிமையாகவும் கொடையாகவும் வந்தவற்றையும் தனிச்சொத்தாக்கியது. மணப்பெண் கொண்டுவரும் தங்கமும் இவ்வாறு அவளுக்கே உரியதாயிற்று. 1975 இல் இருவர் இசைவிலான மணமுறிவையும் அங்கு ஏற்றனர். ஆட்சி மாறியபின் பிறந்த இச்சட்டங்கள் தாமாகவே புதுச்சேரிக்கு வர வழியில்லை. பாரிசில் வாழும் ஒரு புதுச்சேரிப் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, புதுச்சேரியிலேயே வாழும் அவள் உறவினரான ரெனோன்சான் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

துறவாதோர்க்குப் பொருந்தும் இந்துத் திருமணச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, மணத்தையொட்டி வழங்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக உரிய பொருள்களை மட்டுமே தொடுகிறது. மணவாழ்வில் ஈட்டிய வீட்டைத் தொடுவதில்லை. சீதனம் மனைவியின் முழு உடைமை என்பதை 1985 இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்களிக்க முயன்ற திருமணச் சட்டங்கள் திருத்த முன்வரைவு 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியும் அடுத்த ஆண்டு மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. மாமனார் மாமியார் பெயரிலுள்ள வீடும் மருமகளின் பகிர்ந்துறை இல்லமாகலாம் என 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கூறியது, 2005 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் வழியே. அச்சட்டம் எச்சமயத்தவர்க்கும் எந்த ஆள்சார் நிலையினர்க்கும் பொது. ஆகவே ரெனோன்சான் மனைவியும் அதனை நாடலாம். ஆயினும் அது தரும் உரிமை குடியிருப்பதற்கானது, உடைமையாகாது. அவளுடைய நகை பாதியா முழுமையா என்னும் வினாவிற்கு நீதிமன்றம் இன்னும் 1401 ஆம் பிரிவின் பழைய வடிவத்தையே எடுத்துப் படிக்க வேண்டியுள்ளது.