வாடகைக் கட்டுப்பாடும் சிராங்கூன் சாலைக் கடைவீடுகளும்

போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் இருப்பிடம் தேடியோர் பலர். இருந்த வீடுகளோ சில. இந்நிலையில் வாடகை ஏறுவது சந்தையின் இயல்பு. அதனைத் தடுக்க எழுந்த 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1939ஆம் ஆண்டின் அளவிலேயே நிறுத்தியது. எளியோர்க்கு அது அரணாயிற்று என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அடக்கப்பட்ட விலை வேறு வழியில் தலைகாட்டியது. சொற்ப வாடகையைக் கொண்டு கூரையைச் செப்பனிட உரிமையாளர் முன்வரவில்லை. முதன்மை வாடகையாளரோ மாடியைப் பலகைகளால் சிற்றறைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டு, உரிமையாளருக்குக் கிட்டாத தொகையைத் தாம் ஈட்டினார். வாடகை உரிமையைக் கைமாற்றவும் தனித்தொகை கேட்கப்பட்டது.

குடியிருப்போரை வெளியேற்றுதல் அரிதாயிருந்தமையால் இடித்துக் கட்டுவதும் தடைப்பட்டது. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோது இத்தனை கடைவீடுகள் எஞ்சியிருந்தமைக்கு இச்சட்டமும் ஒரு காரணம் என்றே கருத வேண்டியுள்ளது. சட்டம் இயற்றியோர் இதனை எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

2001இல் சட்டம் நீக்கப்பட்டது. வாடகை ஏறினால் மல்லிகைச் சரத்தின் விலையும் ஏறும் என்பர் வணிகர். தானிய விலை உயர்வதாலேயே நிலவாடகை உயர்கிறது, வாடகையால் விலை உயர்வதில்லை என 1817இல் வாதிட்டார் ரிக்கார்டோ. அவர் வழி நோக்கின், ஞாயிறுதோறும் அங்குத் திரளும் கூட்டமே கடை வாடகையை உயர்த்துகிறது.