நரிவேட்டைப் படமும் நடுகல் நாயும்

 

வேட்டை நாய் என்றாலே நம் ராஜபாளையத்துக்காரர்களுக்குத் தனிப் பெருமை. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, காட்டுப்பன்றியை எதிர்க்கும் துணிச்சல். 2005இல் அது தபால்தலையிலும் வந்தது. இன்று நாய்கள் இடம்பெற்ற இரண்டு வகைப் படங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நரிவேட்டைப் படங்களுக்கு நல்ல கிராக்கி. ஹென்றி ஆல்கன் அதில் பேர்பெற்ற ஓவியர். பல சமயம் நான்கு படங்கள் ஒரு தொகுதியாக வரும். வேட்டைக்குக் கூடுவது, புதரிலிருந்து நரி கிளம்புவது, நாய்கள் துரத்துவது, நரி மடிவது. சிவப்புக் கோட்டுத் துரைமார்கள் குதிரையில் வேலி தாண்டுவார்கள். அந்த வயலில் பாடுபட்டவன் இருந்தால் ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான்.

அதே காட்சியை ஆங்கிலேயர் ஊட்டியிலும் நடத்தினார்கள். சிவப்புக் கோட்டு, குதிரை, சீமையிலிருந்து கப்பலில் வந்த வேட்டை நாய்கள், எல்லாம் அப்படியே. அங்கே துரத்திய சிவந்த நரி இங்கே கிடையாது. ஆகவே நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். வேட்டை நடந்த புல்வெளிக்கு 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை வைத்து 'வென்லாக் டவுன்ஸ்' என்றார்கள். அது அதற்கு முன்பே தோடர்கள் எருமை மேய்த்த நிலம். பெயர் மாறியதும் மேய்த்தவர்கள் கண்ணில் படாமல் போனார்கள்.

இப்போது நம் பக்கத்துப் படம் ஒன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட வீரனின் உருவம். பக்கத்தில் அவன் நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது.

இரண்டிலும் நாய் இருக்கிறது. ஒன்றில் நிலத்தை விளையாட்டுத் திடலாக்கியவர்கள் மட்டும். மற்றதில் மந்தையைக் காத்தவனும், பெயரோடு அவன் நாயும்.

இங்கிலாந்திலேயே 2004இல் நாய்களைவிட்டு நரி வேட்டையாடத் தடைச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டிலும் நரி இன்று பாதுகாக்கப்பட்ட விலங்கு. படங்கள் மட்டும் சுவர்களில் அழகாகத் தொங்குகின்றன. பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டும்போது, "இந்த நிலம் யாருடையது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்